கெட்ட சேதி மேலே ஏறும் வழி

1960 நவம்பர் 5 அன்று, அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் கல்லூரிக் கால்பந்துப் போட்டி ஒன்றில் 18 வயது மாணவர் ஒருவரின் கால் எலும்பு முறிந்தது. அவரைச் சார்ல்ஸ்டன் என்ற சிறு நகரத்தின் சமூக மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அன்று அவசர அழைப்புக்குப் பொறுப்பாக இருந்த மருத்துவர் காலை இழுத்துப் பொருத்தி மாவுக்கட்டுப் போட்டார். சிறிது நேரத்திலேயே கடும் வலி தொடங்கியது. கட்டுக்கு வெளியே தெரிந்த கால்விரல்கள் வீங்கிக் கருத்தன. பிறகு சில்லிட்டு உணர்ச்சி இழந்தன. மறுநாள் மாலை மருத்துவர் விரல்களைச் சுற்றிக் கட்டைக் கொஞ்சம் தளர்த்திவிட்டார். அதற்கடுத்த நாள் கட்டைப் பாதத்திலிருந்து மூன்று அங்குலம் வரை வெட்டினார். 8ஆம் தேதி ரம்பத்தால் கட்டின் இரண்டு பக்கங்களையும் பிளந்தபோது காலும் இருபுறம் வெட்டுப்பட்டது. இரத்தமும் நீரும் கசிந்ததைச் செவிலியர் பார்த்தார்கள். அறையில் பரவிய துர்நாற்றத்தைப் போல இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு தான் முகர்ந்ததில்லை என்று ஒரு சாட்சி பின்னாளில் நீதிமன்றத்தில் சொன்னார். இத்தனைக்கும் பிறகும் அந்த மாணவர் 19ஆம் தேதி வரை அதே கட்டிலில்தான் கிடந்தார். கடைசியில் செயின்ட் லூயி நகரத்தின் பார்ன்ஸ் மருத்துவமனைக்கு மாற்றினார்கள். காலைக் காப்பாற்ற அங்கே பல அறுவைகள் செய்தும் பலனில்லை. முழங்காலுக்கு எட்டு அங்குலம் கீழே கால் துண்டிக்கப்பட்டது.

மருத்துவர் 40,000 டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டார். மாணவரின் குடும்பம் மருத்துவமனையின் மீதும் வழக்குத் தொடுத்தது. அமெரிக்க மருத்துவமனைகளின் அறங்காவலர் குழுக்கள் இன்றும் மறக்க முடியாத வழக்கு அது. சட்டப் புத்தகங்களில் அதன் பெயர் டார்லிங் வழக்கு.

மருத்துவமனை தரப்பின் வாதம் அன்றைக்குப் புதியதல்ல. மருத்துவமனை என்பது ஒரு சட்ட அமைப்பு. அதற்கு மருத்துவம் பார்க்கும் உரிமை கிடையாது. மருத்துவர் எப்படிச் சிகிச்சை தர வேண்டும் என்று அது உத்தரவிட முடியாது. தகுந்த மருத்துவரைத் தேர்ந்தெடுப்பதோடு அதன் கடமை முடிந்தது என்றார்கள். அந்தக் குழுக்களில் இருந்தவர்கள் யார் என்று பார்த்தால் இந்த வாதத்தின் ஈர்ப்பு புரியும். உள்ளூர் வங்கியாளர், வக்கீல், கடை முதலாளி, தேவாலயப் பெரியவர் என ஊரில் மதிப்புள்ளவர்கள் சேர்ந்து நடத்திய குழுக்கள் அவை. பெரும்பாலோர் சம்பளம் வாங்காமல் உழைத்தவர்கள். கட்டடம் எழுப்ப நன்கொடை திரட்டினார்கள், நிர்வாகியை நியமித்தார்கள், வரவு செலவைப் பார்த்தார்கள். சிகிச்சையைப் பற்றி மருத்துவரிடம் கேள்வி கேட்பது தங்கள் எல்லையை மீறுவதாகும் என்று மனதார நம்பினார்கள்.

தொடக்கத்தில் அப்படி ஒரு எல்லை இருக்கவில்லை. பெஞ்சமின் பிராங்க்ளினும் மருத்துவர் தாமஸ் பாண்டும் முன்னின்று 1751இல் பிலடெல்பியாவில் பென்சில்வேனியா மருத்துவமனையை நிறுவியபோது, அதன் நிர்வாகக் குழுவினர் நோயாளிகளைச் சேர்ப்பதிலும் விடுவிப்பதிலும் தாங்களே கலந்துகொண்டார்கள். யாருக்கு இடம் உண்டு என்பது அவர்கள் முன் நடந்த பேச்சு. அறுவை சிகிச்சையும் ஆய்வகமும் வளர வளர, நோயாளியின் கட்டிலருகே நடப்பது படித்தவர்களுக்கு மட்டுமே விளங்கும் விஷயம் என்றாயிற்று. அறங்காவலர்கள் கணக்குப் புத்தகத்தின் பக்கம் ஒதுங்கிக்கொண்டார்கள்.

அந்த ஒதுக்கத்தின் விலையை உணர்த்தும் நிகழ்ச்சி ஒன்று 1919இல் நடந்தது. அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம், மருத்துவமனைகளுக்கான குறைந்தபட்சத் தரவிதிகளை ஒரே பக்கத்தில் வகுத்து, நேரில் போய்ச் சோதித்தது. விதிகள் எளியவை. ஒவ்வொரு நோயாளிக்கும் முறையான பதிவேடு வேண்டும். தகுதியுள்ள மருத்துவர்களை மட்டுமே சேர்க்க வேண்டும். சிகிச்சையின் விளைவுகளை மருத்துவர்கள் கூடிப் பரிசீலிக்க வேண்டும். பணிவிதிகளுக்கு நிர்வாகக் குழுவின் ஒப்புதல் வேண்டும். நூறும் அதற்கு மேலும் படுக்கைகள் கொண்ட 692 மருத்துவமனைகளைப் பார்த்ததில் 89 மட்டுமே தேறின. தேறாதவற்றில் நாட்டின் புகழ்பெற்ற மருத்துவமனைகள் சிலவும் இருந்தன. பட்டியல் பத்திரிகைக்காரர் கையில் சிக்கிவிடக் கூடாது என்று, கல்லூரியின் பொறுப்பாளர்கள் நியூயார்க் நட்சத்திர விடுதி ஒன்றின் உலையில் அதை எரித்துவிட்டார்கள். நூற்றுக்கணக்கான மருத்துவமனைகள் தவறிய அந்தச் சேதி, அவற்றை நம்பிப் போன ஊர்மக்களின் காதுக்கு எட்டாமலே சாம்பலானது. மேற்பார்வை என்பது உத்தரவு கீழே இறங்கும் வேகத்தில் இல்லை, கெட்ட சேதி மேலே ஏறும் வழியில் இருக்கிறது என்று கொண்டால், அந்த வழி எவ்வளவு காலம் அடைபட்டிருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

டார்லிங் வழக்கில் இல்லினாய் உச்ச நீதிமன்றம் 1965இல் தீர்ப்பளித்தது. ஜூரி விதித்த 1,50,000 டாலரில் மருத்துவர் கொடுத்ததைக் கழித்து, 1,10,000 டாலரை மருத்துவமனை தர வேண்டும் என்பது உறுதியானது. தர்ம நிறுவனம் என்பதால் இழப்பீடு கிடையாது, அல்லது காப்பீட்டுத் தொகை வரைதான் கிடைக்கும் என்ற பழைய பாதுகாப்பையும் நீதிமன்றம் தள்ளிவிட்டது. தொகையைக் காட்டிலும் முக்கியமானது காரணம். மருத்துவமனையின் சொந்தத் துணைவிதிகள், மாநில உரிம விதிகள், தேசியத் தரச்சான்று அமைப்பின் விதிகள் மூன்றையும் சாட்சியமாக ஏற்றுக்கொண்ட நீதிமன்றம், ஜூரி இரண்டு தவறுகளைக் கண்டிருக்க முடியும் என்றது. செவிலியர் காலின் இரத்த ஓட்டத்தைப் போதிய அளவு அடிக்கடி சோதிக்கவில்லை என்பது ஒன்று. நிலைமை மோசமானதும் மருத்துவரிடம் சொல்லி, அவர் அசையவில்லை என்றால் மருத்துவமனை அதிகாரிகளிடம் சொல்வது அவர்கள் கடமை. வேறொரு மருத்துவரின் ஆலோசனையை மருத்துவமனை வற்புறுத்தவில்லை என்பது மற்றொன்று.

செவிலியர் அந்த அதிகாரிகளிடம் எப்படிப் போயிருக்க முடியும்? மருத்துவரின் சொல்லுக்கு எதிர்ச்சொல் பேசும் பழக்கமே இல்லாத காலம் அது. புகார் சொன்னவரின் வேலைக்கு யார் பொறுப்பு? நள்ளிரவில் யாரை எழுப்புவது? இந்த வழியை அமைத்துத் தர வேண்டியது அறங்காவலர் குழு. அதை அமைக்காமல் செவிலியர் வாய் திறக்கவில்லை என்று குற்றம் சொல்வது நியாயமாகாது.

தீர்ப்பு வந்த அதே 1965இல் முதியோருக்கான மெடிகேர் காப்பீட்டுத் திட்டம் சட்டமானது. கூட்டரசின் பணம் வேண்டும் என்றால் மருத்துவமனை சில நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட வேண்டும். இன்றைய விதிகளின்படி மருத்துவமனையின் நடத்தைக்குச் சட்டப்படிப் பொறுப்பேற்கும் ஆட்சிக்குழு ஒன்று இருந்தே ஆக வேண்டும். மருத்துவர்களை நியமிப்பதும், தலைமைச் செயல் அதிகாரியை நியமிப்பதும், வரவு செலவுத் திட்டமும், வெளியாருக்கு ஒப்பந்தம் விட்ட பணிகளின் தரமும், பராமரிப்பை மேம்படுத்தும் திட்டமும் அதன் பொறுப்பு. 1969இல் வருமான வரித்துறை இன்னொரு முடிச்சையும் போட்டது. வரிவிலக்குப் பெறும் மருத்துவமனை ஊருக்குப் பயன்தர வேண்டும் என்று கூறிய அந்த ஆணை, அதற்கான அடையாளங்களில் ஒன்றாகச் சுயேச்சையான ஊர்ப் பெரியவர்களின் குழுவைக் குறித்தது. அமெரிக்காவில் ஏறத்தாழ 5,100 சமூக மருத்துவமனைகள் உள்ளன; அவற்றில் பாதிக்கு மேல் இலாப நோக்கற்ற தனியார் அமைப்புகள். அவற்றின் வரிவிலக்குக்கு அந்தக் குழுவின் சுயேச்சையும் ஒரு காரணம்.

குழுவின் அதிகாரங்களில் மிகப் பெரியது, வெளியில் அதிகம் தெரியாதது, மருத்துவர்களுக்கு உரிமை வழங்குவது. அரசு தரும் உரிமம் இருந்தால் மட்டும் ஒருவர் எந்த மருத்துவமனையிலும் அறுவை செய்துவிட முடியாது. அவர் விண்ணப்பிக்க வேண்டும். மூத்த மருத்துவர்கள் அவரது படிப்பு, அனுபவம், பழைய வழக்குகள் ஆகியவற்றைச் சரிபார்த்து, எந்தெந்தச் சிகிச்சைகளை அவர் செய்யலாம் என்று பரிந்துரைக்க வேண்டும். இறுதிக் கையெழுத்து அறங்காவலர் குழுவுடையது. நடைமுறையில் இந்தப் பெயர்ப் பட்டியல், விவாதமில்லாமல் நிறைவேற்றும் தீர்மானங்களின் கட்டில் போய்ச் சேர்ந்துவிடுவது வழக்கம். கூட்டம் தொடங்கிச் சில நிமிடங்களில் எல்லோரும் கை தூக்கிவிடுகிறார்கள்.

அப்படித் தூக்கிய கைக்கு என்ன ஆகும் என்று மில்வாக்கி நகரத்தின் மிசரிகார்டியா சமூக மருத்துவமனை கற்றுக்கொண்டது. 1973இல் எலும்பு அறுவை மருத்துவர் ஒருவர் அங்கே விண்ணப்பித்தார். வேறெங்கும் தன் உரிமை பறிக்கப்படவோ குறைக்கப்படவோ இல்லை என்று விண்ணப்பத்தில் எழுதினார்; மருத்துவத் தவறுக்கான காப்பீடு பற்றிய கேள்விகளுக்குப் பதிலே எழுதவில்லை. மருத்துவமனை ஓர் இடத்திலும் விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் வேறு மருத்துவமனைகள் அவரது உரிமையை மறுத்ததும் குறைத்ததும் தெரிந்திருக்கும். 1975 ஜூலையில் ஒரு நோயாளியின் இடுப்பிலிருந்து உலோக ஊசித் துண்டை எடுக்க அவர் செய்த அறுவையில் தொடை நரம்பு சேதமாகி, நோயாளியின் வலது தொடை நிரந்தரமாகச் செயலிழந்தது. ஜூரி பழியைப் பங்கிட்டபோது 80 சதவீதத்தை மருத்துவமனையின் மீது வைத்தது. இழப்பீடு 4,05,000 டாலர். விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் 1981இல் அதை உறுதிசெய்தது. கத்தியைப் பிடித்த கையைவிட, அந்தக் கத்தியைக் கொடுத்த கையெழுத்தின் பங்கு பெரிது என்று ஜூரியில் இருந்த சாதாரணக் குடிமக்கள் நினைத்தார்கள் என்றால் அதில் ஆச்சரியமில்லை. பிடித்தவர் யாரென்று விசாரிக்க ஒரு தொலைபேசி அழைப்புப் போதுமாயிருந்தது.

ஊர் விட்டு ஊர் போய்ப் பழைய தவறை மறைப்பதைத் தடுக்க 1986இல் ஒரு கூட்டரசுச் சட்டம் வந்தது. அதன்கீழ் அமைந்த தேசிய மருத்துவர் தரவு வங்கி 1990 செப்டம்பரில் வேலை தொடங்கியது. இழப்பீட்டுத் தொகைகளும் உரிமை பறிப்புகளும் அங்கே பதிவாகின்றன. ஒரு மருத்துவரைச் சேர்க்கும்போதும், பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும், மருத்துவமனை அங்கே விசாரித்தாக வேண்டும். விசாரித்து வந்த பதிலைக் குழுவில் யாராவது படிக்கிறார்களா என்பது வேறு கேள்வி.

சிகிச்சைதான் புரியாத மொழி, பணம் அவர்களுடைய சொந்த மொழியாயிற்றே, அங்கேயாவது கவனம் இருந்திருக்கும் என்று நினைக்கத் தோன்றும். வாஷிங்டன் நகரத்தின் சிப்லி நினைவு மருத்துவமனையின் கதை அந்த நம்பிக்கையையும் தகர்த்துவிட்டது. அங்கே 1960இல் திருத்திய துணைவிதிகள் நிதிக் குழு ஒன்றையும் முதலீட்டுக் குழு ஒன்றையும் கட்டாயமாக்கின. ஆனால் நிதிக் குழு முதன்முதலாகக் கூடியது 1971 டிசம்பரில். 1950களின் தொடக்கத்திலிருந்தே மருத்துவமனையை நடத்தியவர்கள் நிர்வாகியும் பொருளாளரும் ஆகிய இருவர்தான். மற்ற அறங்காவலர்கள் அவர்கள் கொண்டுவந்ததற்கெல்லாம் ஒப்புதல் தந்தார்கள். 1968இல் நிர்வாகியும் 1972இல் பொருளாளரும் இறந்தார்கள். மருத்துவமனையின் பெரும்பணம் வட்டியே இல்லாத நடப்புக் கணக்குகளில் கிடந்ததும், அந்தப் பணம் இருந்த வங்கிகளோடு அறங்காவலர்கள் சிலருக்குத் தொடர்பு இருந்ததும் வெளிச்சத்துக்கு வந்தன. நோயாளிகள் சிலர் வழக்குத் தொடுத்தார்கள்.

1974இல் கூட்டரசு நீதிபதி கெர்ஹார்டு கெசல் வழங்கிய தீர்ப்பு, இலாப நோக்கற்ற அமைப்புகளின் சட்டத்தில் ஒரு மைல்கல். சதி என்ற குற்றச்சாட்டை அவர் ஏற்கவில்லை, யாரையும் பதவியிலிருந்து இறக்கவில்லை, தண்டப்பணமும் விதிக்கவில்லை. ஆனால் மேற்பார்வையை முழுவதுமாக வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு விலகியிருப்பது கடமை தவறுவதே என்று தெளிவாகச் சொன்னார். ஒவ்வொரு அறங்காவலரும் தமக்குத் தொடர்புள்ள நிதி நிறுவனங்களைக் குழுவிடம் அறிவிக்க வேண்டும், புதிதாகச் சேருபவர்கள் இந்தத் தீர்ப்பைப் படித்தாக வேண்டும் என்று ஆணையிட்டார். தண்டனை மென்மையாகத் தோன்றலாம். தெரியாது என்று சொல்லித் தப்பும் வாசலை அது மூடியது என்பதுதான் முக்கியம்.

தீர்ப்பு வாசலை மூடினாலும், சுவர் அளவுக்கு மீறி நீண்டால் வேறெங்கோ ஓட்டை விழும். பிட்ஸ்பர்க் நகரத்தின் அலெகெனி மருத்துவமனையிலிருந்து வளர்ந்த அலெகெனி சுகாதார, கல்வி, ஆராய்ச்சி அறக்கட்டளை 1980களிலும் 90களிலும் மருத்துவமனைகளையும் மருத்துவக் கல்லூரிகளையும் வாங்கிச் சேர்த்தது. 1998 ஜூலையில் அது திவாலானபோது கடன் 130 கோடி டாலர்; இலாப நோக்கற்ற சுகாதார அமைப்புகளில் அதுவரை கண்டிராத வீழ்ச்சி. ஏன் யாரும் முன்கூட்டிக் காணவில்லை என்று பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தேடினார்கள். தாய்க் குழுவில் 25 முதல் 35 பேர். அதற்குக் கீழே வெவ்வேறு பிரிவுகளுக்குத் தனித்தனிக் குழுக்கள். இரண்டிலும் இருப்பவர்கள் சொற்பம். ஒரு குழுவுக்குத் தெரிந்தது அடுத்த குழுவுக்குத் தெரியவில்லை. தனித்த நோக்கங்களுக்காக நன்கொடையாளர்கள் கொடுத்திருந்த நிதியிலும் கைவைக்கப்பட்டது. அறக்கட்டளையின் தலைமை அதிகாரியாக இருந்தவர் 2002இல் தர்ம நிதியைத் தவறாகப் பயன்படுத்திய குற்றச்சாட்டை மறுத்து வாதிடாமல் சிறைத்தண்டனை ஏற்றார். முப்பது பேர் உட்காரும் மேசையில் ஒவ்வொருவரும் மற்றவர் கேட்பார் என்று இருந்துவிடுவது எளிது.

1999 இறுதியில் அமெரிக்க மருத்துவ நிறுவகம் வெளியிட்ட அறிக்கை, சிகிச்சைத் தவறுகளால் மருத்துவமனைகளில் ஆண்டுக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை இறக்கலாம் என்று மதிப்பிட்டது. எண்ணிக்கையைப் பற்றி நிறைய விவாதம் நடந்தது. ஆனால் அதற்குப் பிறகு எந்தக் குழுவும் தரம் மருத்துவர்களின் பாடு என்று ஒதுங்க முடியவில்லை. சுகாதார மேம்பாட்டு நிறுவனம் 2006 டிசம்பரில் தொடங்கிய இயக்கத்தின் ஒரு பகுதி அறங்காவலர்களையே குறிவைத்தது. கூட்ட நேரத்தில் குறைந்தது கால் பங்கைத் தரத்துக்கும் பாதுகாப்புக்கும் ஒதுக்க வேண்டும். தங்கள் மருத்துவமனையில் தீங்கு நேர்ந்த நோயாளி ஒருவரின் கதையை நேரில் கேட்க வேண்டும் என்றது.

இவற்றின் பலன் என்ன என்று ஹார்வர்டைச் சேர்ந்த ஆஷிஷ் ஜாவும் ஆர்னால்ட் எப்ஸ்டைனும் நூற்றுக்கணக்கான மருத்துவமனைகளின் குழுத் தலைவர்களிடம் கேட்டறிந்து 2010இல் வெளியிட்டார்கள். தம் குழுவின் முதல் இரண்டு முன்னுரிமைகளில் சிகிச்சையின் தரம் ஒன்று என்று சொன்னவர்கள் பாதிக்கும் குறைவு. அதைவிடக் கவலை தருவது இன்னொரு கண்டுபிடிப்பு. அளவீடுகளின்படிக் கடைநிலையில் இருந்த மருத்துவமனைகளின் தலைவர்களில் ஒருவர்கூடத் தங்கள் மருத்துவமனை சராசரியைவிட மோசம் என்று சொல்லவில்லை. 58 சதவீதத்தினர் சராசரியைவிட மேல் என்றே நம்பினார்கள். பொய் சொன்னார்கள் என்று கொள்ள வேண்டியதில்லை. அவர்கள் முன் வைக்கப்பட்ட அறிக்கைகள் அவர்களுக்கு அப்படித்தான் காட்டியிருக்கும். கூட்டத்துக்கு வரும் தாள்களைத் தயாரிப்பது நிர்வாகம். அந்த நிர்வாகத்தை மதிப்பிட வேண்டியது குழு. தாள்களுக்கு வெளியே ஒரு கண்ணும் காதும் இல்லாத குழு, தன்னால் நியமிக்கப்பட்டவரின் கண்ணால்தான் பார்க்கும்.

வேறு வழி இருக்கிறது என்பதற்கு சியாட்டில் நகரத்தின் வர்ஜீனியா மேசன் மருத்துவமனை ஒரு சான்று. ஜப்பானில் கார்த் தொழிற்சாலைகளைப் பார்த்துவிட்டு வந்த அதன் தலைவர்கள், கோளாறைக் கண்ட தொழிலாளி உற்பத்தி வரிசையையே நிறுத்தலாம் என்ற முறையை 2002 முதல் வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். துப்புரவுப் பணியாளர் முதல் அறுவை மருத்துவர் வரை யாரும் எச்சரிக்கை எழுப்பலாம். 2004இல் அங்கேயே ஒரு பெருந்தவறு நடந்தது. தட்டில் நிறமற்ற மூன்று திரவங்கள் இருந்தன. இரத்தக்குழாயில் செலுத்த வேண்டிய சாயத்துக்குப் பதிலாகக் கிருமிநாசினி செலுத்தப்பட்டு, மேரி மெக்லின்டன் என்ற பெண்மணி இறந்தார். மருத்துவமனை அதை மறைக்காமல் தானே வெளியில் சொன்னது. அவர் பெயரிலேயே ஆண்டுதோறும் நோயாளி பாதுகாப்பு விருது ஒன்றை வழங்குகிறது. மிகக் கடுமையான எச்சரிக்கைகள் அங்கே அறங்காவலர்களின் தரக் குழு வரை போகின்றன. அந்தக் குழு திருப்தி அடையாமல் அவற்றின் கோப்பை மூட முடியாது. வார்டில் ஒருவர் தூக்கிய கை, மேசையின் மறுமுனையில் உள்ள வங்கியாளர் கண்ணில் படும்படி ஒரு பாதையை அவர்கள் போட்டிருக்கிறார்கள்.

இந்த முறையை எல்லா இடத்திலும் பரப்புவதற்குத் தடையாக இருப்பது குழுக்களின் அமைப்பே. அமெரிக்க மருத்துவமனைச் சங்கம் 2014இல் எடுத்த கணக்கின்படி குழு உறுப்பினர்களில் மருத்துவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. செவிலியர் 5 சதவீதம் மட்டுமே. நோயாளியோடு இரவும் பகலும் இருப்பவர்களுக்குக் கிடைத்த இடம் இது. சார்ல்ஸ்டனில் விரல்கள் கருத்ததை முதலில் பார்த்தவர்கள் அவர்கள் என்பதை நினைத்தால், நாற்காலிகளை இன்னும் நியாயமாகப் பிரிப்பதில் இவ்வளவு தாமதத்துக்குக் காரணம் சொல்ல முடியாது.

குழுக்களின் கடமைப் பட்டியலில் அண்மையில் சேர்ந்தது நோயாளிகளின் கடன். 2010ஆம் ஆண்டின் சுகாதாரச் சீர்திருத்தச் சட்டப்படி, வரிவிலக்குப் பெறும் மருத்துவமனை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊரின் சுகாதாரத் தேவைகளை ஆராய வேண்டும். தவறினால் 50,000 டாலர் வரி. வசதியற்றோருக்குக் கட்டணச் சலுகை தரும் கொள்கையை எழுத்தில் வகுத்து, ஆட்சிக்குழுவே ஏற்றுக்கொள்ள வேண்டும். கொள்கை ஏட்டில் இருந்தாலே போதாது என்பதை மெம்பிஸ் நகரம் காட்டியது. அங்கே மெதடிஸ்ட் தேவாலயத்தின் தொடர்புடைய மெதடிஸ்ட் லெ பானர் சுகாதார அமைப்பு, தனக்குச் சொந்தமான வசூல் நிறுவனத்தின் மூலம் 2014 முதல் 2018 வரை 8,300க்கும் மேற்பட்ட வழக்குகளைத் தொடுத்திருந்ததை 2019 ஜூனில் வென்டி தாமஸ் என்ற செய்தியாளர் வெளிப்படுத்தினார். அந்த மருத்துவமனையிலேயே குறைந்த கூலிக்கு வேலை செய்தவர்களும் கடனாளிகளாக நீதிமன்றத்தில் நின்றார்கள். செய்தி வெளியாகி ஏறத்தாழ ஒரு மாதத்தில் அமைப்பு தன் கொள்கையை மாற்றியது. பிறகு 5,300க்கும் மேற்பட்டவர்களின் கடன்களைத் தள்ளுபடி செய்தது. இந்த வழக்குகள் எதுவும் இரகசியமாக நடந்தவை அல்ல. ஊர் நீதிமன்றத்தின் பதிவேடுகளில் எண்ணோடும் பெயரோடும் ஐந்து ஆண்டுகளாகக் கிடந்தவை. யார் கேட்டாலும் எடுத்துக் கொடுத்திருப்பார்கள்.